கேளுங்க சொல்றேன்: கோவம் நியூஸ் மேல, அடி பொம்மை மேல

போன இதழ்ல அமெரிக்காவுல பப்ளிக் டிவிக்கு அரசாங்கப் பணம் நின்னு போச்சு, பணத்தைப் பிரிச்சுக் குடுத்துட்டிருந்த சிபிபிங்கற அமைப்பையே 2026 ஜனவரியில கலைச்சுட்டாங்கன்னு நாலு வரி எழுதிட்டு, கூடவே பேத்தியோட உக்காந்து அந்த சேனல் பாத்த கதையையும் லேசா தொட்டுட்டுப் போயிருந்தேன். அவ்வளவுதான், மெயில் வந்து குவிஞ்சு போச்சு. மாடித்தோட்டம், முட்டிவலி, மாமியார் பஞ்சாயத்து எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சாச்சு, கோச்சுக்காதீங்க.

அக்கா, பிபிஎஸ், சிபிபின்னு என்னென்னமோ எழுதினீங்க, தலை சுத்துது. அது அமெரிக்காவோட தூர்தர்ஷனா?
– ஒரு வாசகர், திருச்சி

இல்லப்பா. நானும் அங்க போற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். தூர்தர்ஷன்னா டெல்லியில தலை, மத்த ஊர்ல எல்லாம் கை கால். அங்க அப்படியே தலைகீழ். முன்னூத்துச் சொச்சம் உள்ளூர் ஸ்டேஷன், ஒண்ணை யூனிவர்சிட்டி நடத்தும், ஒண்ணை மாநில அரசு நடத்தும், இன்னொண்ணை ஊர்க்காரங்க டிரஸ்ட் மாதிரி வச்சு நடத்துவாங்க. இவங்க எல்லாம் சேந்து 1969ல உண்டாக்கிக்கிட்ட கூட்டமைப்புதான் பிபிஎஸ். ப்ரோகிராம் எடுக்கறது பாஸ்டன், நியூயார்க் மாதிரி பெரிய ஸ்டேஷனும் வெளிய இருக்கற கம்பெனிங்களும், மத்தவங்க அதை வாங்கிப் போட்டுக்குவாங்க.

சிபிபி வேற. அது கேஷியர் மாதிரி. 1967ல ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்து போட்ட சட்டத்துல பொறந்தது. அரசாங்கம் காசு குடுக்கட்டும், ஆனா என்ன காட்டணும்னு அது சொல்லக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவர் வேணும், அந்த சுவர்தான் இவங்க. கடைசியில வருஷத்துக்கு 53.5 கோடி டாலர் வந்துட்டு இருந்துது, டிவி ரேடியோ ரெண்டுக்கும் சேத்து, ஜனத்தொகையில வகுத்தா ஆளுக்கு ஒண்ணரை டாலர் சொச்சம். அதுல பெரும்பகுதி நேரா உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போயிடும்.

எந்த அரசுத் துறையும் இதுல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு அந்த சட்டத்துலயே இருக்கு. அதே சட்டத்துல இன்னொரு எடத்துல, சர்ச்சையான விஷயம்னா நடுநிலையா இருக்கணும்னும் இருக்கு. நடுநிலையா இல்லையான்னு அளந்து பாக்கறது யாரு? போர்டு மெம்பரைப் போட்டது ஜனாதிபதி, ஓகே சொன்னது மேல்சபையான செனட், காசு ஒதுக்கினது காங்கிரஸ்ங்கற அவங்க பார்லிமென்ட். சுவர் கட்டினவங்க கையிலயே கடப்பாரையும் இருந்துதுன்னு வச்சுக்கோயேன்.

வாட்ஸப்ல ஒரு பழைய கறுப்பு வெள்ளை வீடியோ வந்துது மேடம். ஒல்லியா ஒரு ஆள், செனட்டர் முன்னாடி உக்காந்து பாட்டு வரி சொல்லியே 2 கோடி டாலர் வாங்கிட்டாருன்னு போட்டிருந்தாங்க. நெசமா, இல்ல வழக்கமான வாட்ஸப் கதையா?
– வாசகி, கோவை

இது நெசம்மா, அதிசயமா. 1969 மே 1. அவர் பேரு ஃப்ரெட் ராஜர்ஸ், பிட்ஸ்பர்க்ல இருந்து குழந்தைங்களுக்கு ப்ரோகிராம் பண்ணிட்டு இருந்தவர், பாதிரியார் பட்டமும் வாங்கினவர். கமிட்டித் தலைவர் ஜான் பாஸ்டோரே, ரோட் ஐலண்ட் செனட்டர், கொஞ்சம் முரட்டு ஆளு, அதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் நீட்டி நீட்டி அறிக்கை படிச்சதுல ஏற்கனவே கடுப்புல இருந்தாரு. நிக்சன் ஜனாதிபதியா பதவிக்கு வந்த புதுசு வேற, பணத்தை வெட்டிடுவாங்களோன்னு எல்லாருக்கும் உதறல்.

ராஜர்ஸ் என்ன பண்ணாரு, கொண்டு போன பேப்பரைத் தள்ளி வச்சாரு. இதைப் படிக்க பத்து நிமிஷம் ஆகும், நீங்களே படிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கீங்க, உங்களை நம்பறேன், ஒரு நல்ல குடும்பத்துல குழந்தை முதல்ல கத்துக்கறதே நம்பிக்கைதானேன்னு ஆரம்பிச்சாரு பாருங்க! கோவத்தை வாய்விட்டு சொல்லலாம், சொன்னா அதை அடக்கி ஆளலாம், அதைத்தான் நான் குழந்தைங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன்னு பேசி, கோவம் வந்தா என்ன பண்றதுங்கற தன்னோட பாட்டு வரியை அப்படியே வசனமா சொல்லிக் காட்டினாரு. நடுவுலயே பாஸ்டோரே எனக்கு மயிர்க்கூச்செறியுதுன்னுட்டாரு, முடிச்சதும் உனக்கு 2 கோடி கெடச்சாச்சுன்ற மாதிரி சொல்லிட்டாரு. மொத்தம் ஆறேழு நிமிஷம்தான் இருக்கும்.

நான் அதை எத்தனை தடவ பாத்திருப்பேனோ கணக்கே இல்ல, பாக்கறப்பல்லாம் கண்ணு கலங்கும். ஆனா உண்மைய சொல்லணும்னா அந்த வீடியோ ஒரு கெட்ட பழக்கத்தையும் உண்டாக்கிடுச்சு. அன்னையில இருந்து பப்ளிக் டிவிக்கு ஆபத்து வந்தா ஒடனே ஒரு பொம்மையையோ குழந்தையையோ முன்னாடி கொண்டாந்து நிறுத்துவாங்க. அரசியல்வாதிக்குக் கோவம் என்னமோ செய்தி மேல, அரசியல் ப்ரோகிராம் மேல. அதுக்கு நேரா பதில் சொல்லாம பொம்மையைக் காட்டி தப்பிச்சுக்கிட்டே இருந்தா ஒரு நாள் பொம்மைக்கும் சேத்து விழும். விழுந்துச்சு.

அப்போ நிக்சன் மனசு மாறிட்டாரா?
– வாசகர், சேலம்

எங்க மாறினாரு! அரசாங்கத்தை வறுத்தெடுக்கற நிருபர்ன்னு நிக்சன் கண்ணுல உறுத்திட்டு இருந்த சாண்டர் வானோகர், கூட ராபர்ட் மக்நீல், இவங்க ரெண்டு பேரையும் பப்ளிக் டிவி செய்திக்கு எடுத்ததும் அவருக்குப் பத்திக்கிச்சு. 1972 ஜூன் 30, ரெண்டு வருஷத்துக்கு 15.5 கோடி டாலர்னு காங்கிரஸ் பாஸ் பண்ணி அனுப்பின மசோதாவை வீட்டோ பண்ணாரு. வெளிய சொன்ன காரணம் ரொம்ப டீசன்ட்டா இருக்கும், எல்லாம் மையத்துலயே குவியுது, உள்ளூர் ஸ்டேஷனுக்கு அதிகாரம் இல்லன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஏன்னா அதுல கொஞ்சம் உண்மையும் உண்டு. கொஞ்ச நாள்ல சிபிபி தலைவர், சேர்மன் ரெண்டு பேரும் ராஜினாமா.

அடுத்த வருஷமே 1973ல, கடைசியில நிக்சன் பதவியையே காவு வாங்கின வாட்டர்கேட் ஊழலோட விசாரணை வந்துது. அதை ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரு வார்த்தை வெட்டாம ராத்திரி ராத்திரி மறுபடியும் போட்டது யாரு, இதே பப்ளிக் டிவி. பக்கத்துல உக்காந்து விளக்கம் சொன்னது யாரு, இதே மக்நீலும் ஜிம் லேரரும். ஜனங்க தூக்கம் முழிச்சுப் பாத்து ஸ்டேஷனுக்கு நன்கொடை அனுப்பினாங்க. இதை ஒரு சினிமாவுல வச்சா ஓவரா இருக்குன்னு சொல்லுவோம்.

இன்னொண்ணு இங்கயே சொல்லிடறேன், அப்புறம் மறந்துடுவேன். அந்த அனுபவத்துல சுட்டுக்கிட்டு 1975ல ஒரு ஏற்பாடு கொண்டாந்தாங்க, பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வச்சிடறது, ரெண்டு வருஷம் கழிச்சு தேவைப்படறது இன்னைக்கே பாஸ் ஆயிடும், இன்னைக்குக் காட்டற செய்திக்காக நாளைக்குக் காசை நிறுத்தறேன்னு யாரும் மிரட்ட முடியாது. அம்பது வருஷம் தாக்குப் புடிச்சுது. 2025ல என்ன ஆச்சுன்னா, 2026க்கும் 2027க்கும் ஏற்கனவே ஒதுக்கி வச்சிருந்த 110 கோடி டாலரையே திரும்ப எடுத்துக்கறோம்னு தனியா ஒரு சட்டம் போட்டு எடுத்துட்டாங்க. பந்தியில எலை போட்டு சாதமும் வச்சதுக்கு அப்புறம் உருவினா மாதிரி.

குழந்தைங்க ப்ரோகிராம்ல என்னங்க அரசியல் இருக்கப் போவுது? ஏபிசிடி சொல்லிக் குடுக்கறதுல கட்சி உண்டா?
– வாசகி, புதுச்சேரி

எனக்கும் முதல்ல இப்படித்தான் தோணுச்சு. 1970 மிசிசிப்பி கதையைக் கேளுங்க. செசமி ஸ்ட்ரீட்ங்கற பொம்மைங்க வர்ற குழந்தைங்க ப்ரோகிராம் 1969 நவம்பர் 10 அன்னைக்கு ஆரம்பிச்சுது, ஏழை வீட்டுக் குழந்தைங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே எழுத்தும் எண்ணும் தெரிஞ்சுக்கணும்னு ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் யோசிச்சு செஞ்சது, பணம் பாதி அரசாங்கம், மீதி கார்னகி, ஃபோர்டு மாதிரி அறக்கட்டளைங்க. அந்தத் தெருவுல ஒரு கறுப்பின தம்பதி குடியிருப்பாங்க, கார்டன், சூசன்னு பேரு. வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் ஒண்ணா வெளையாடும். யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, ஏபிசிடிதான் சொல்லிக் குடுப்பாங்க.

அந்த ஒண்ணா வெளையாடறதுதான் பிரச்னை. மிசிசிப்பி மாநிலத்தோட கல்வி டிவி கமிஷன் ஓட்டுப் போட்டு, இதை எங்க மாநிலத்துல காட்ட வேணாம்னு முடிவு பண்ணுச்சு. மிசிசிப்பி இன்னும் இதுக்குத் தயாராகலயாம். அது மட்டும் இல்ல, கல்வி டிவிக்கு அப்பதான் சட்டசபை பணம் ஒதுக்கியிருந்துது, எம்எல்ஏங்களுக்குப் புடிக்காததைக் காட்டி காசுக்கு ஆபத்து வந்துடுமோன்னு பயம். நல்லா கவனிங்க, எந்த எம்எல்ஏவும் கடுதாசி எழுதித் தடை போட்டதா இல்ல. இவங்களா நெனச்சு, இவங்களா பயந்து, இவங்களா நிறுத்தினாங்க. அவுங்கள்ல ஒரு மெம்பரே பேரு சொல்லாம பேப்பருக்கு விஷயத்தை விட, நாடு பூரா நாறி, 22 நாள்ல முடிவை மாத்திக்கிட்டாங்க.

இது என்னமோ அந்தக் காலம்னு நெனக்காதீங்க. 2019ல ஆர்தர்ங்கற கார்ட்டூன்ல ஆம்பள வாத்தியாருக்குக் கல்யாணம், அவர் கட்டிக்கறதும் இன்னொரு ஆம்பளையை. அலபாமா பப்ளிக் டிவி அந்த எபிசோடைப் போட மாட்டேன்னுடுச்சு, அதுக்குப் பதிலா பழைய எபிசோடு ஒண்ணைப் போட்டுட்டு சும்மா இருந்துது.

பேத்தியோட பாத்த கதையை பாதியில விட்டுட்டீங்களே அம்மா. முயல்குட்டி, கல்வி அமைச்சர்னு என்னமோ சொன்னீங்க.
– வாசகி, தஞ்சாவூர்

சொல்றேன். 2005 ஜனவரி, மூத்த பொண்ணோட ரெண்டாவது பிரசவத்துக்கு பாஸ்டன் பக்கம் போயிருந்தேன். அந்த மாசம் ஒரு பனிப்புயல், கதவத் தொறந்தா சுவர் மாதிரி பனி நிக்குது, நம்ம ஊர் மழையில மாட்டினாலாவது பஜ்ஜி போட்டு ஜன்னலோரம் உக்காரலாம், அங்க ஜன்னலே மூடிப்போச்சு. பச்சக்குழந்தை ஒரு பக்கம், நாலு வயசு பேத்தி ஒரு பக்கம். எனக்கு இங்கிலீஷ் அப்ப அரைகுறை. ரெண்டாம் நம்பர் சேனலைப் போட்டுட்டு ரெண்டு பேரும் உக்காந்துடுவோம், விளம்பரமே வராது, அது ஒண்ணுக்கே கோயில் கட்டலாம். நான் இங்கிலீஷ் கத்துக்கிட்டதுல பாதி அந்த சேனல்லதான், சத்தியமா சொல்றேன்.

அதுல பஸ்டர்னு ஒரு கார்ட்டூன் முயல், ஆர்தரோட ஃப்ரெண்டு. அப்பாவோட ஊர் ஊரா போய் கையில கேமரா வச்சிக்கிட்டு நெஜ குழந்தைங்க வீட்டைப் படம் புடிக்கும். ஒரு வாரம் மார்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம், ஒரு வாரம் முஸ்லிம் குடும்பம், இப்படி. பல விதமான குடும்பத்தைக் குழந்தைங்களுக்குக் காட்டணும்னுதான் கல்வித் துறை ரெடி டு லேர்ன்ங்கற திட்டத்துல இதுக்குக் காசே குடுத்துது. ஒரு எபிசோடுல முயல் வெர்மான்ட்டுக்குப் போவுது, மேப்பிள் மரத்துப் பால எறக்கி பாகு காய்ச்சறதைப் பாக்க. அங்க சந்திக்கற குழந்தைங்களுக்கு வீட்டுல ரெண்டு அம்மா. அதைப் பத்தி ஒரு விளக்கமும் கெடையாது, ஒரு பிரசங்கமும் கெடையாது, இது என் அம்மா, இதுவும் என் அம்மான்ற அளவுக்குத்தான், பேச்சு பூரா பாகு பத்தி.

மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ் கல்வி அமைச்சரா வந்து ஒரு வாரம்கூட ஆகல. முதல் வேலையா பிபிஎஸ்சுக்கு ஒரு கடிதம், பல பெத்தவங்க இந்த மாதிரி வாழ்க்கையைத் தங்க குழந்தைங்க பாக்கறதை விரும்ப மாட்டாங்க, இந்த எபிசோடுக்கு செலவழிச்ச காசைத் திருப்பித் தர்றதைப் பத்தி யோசிங்கன்னு. பிபிஎஸ் அந்த எபிசோடை எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பறதை நிறுத்திடுச்சு. கடிதம் வர்றதுக்கு முன்னாடியே நாங்களா எடுத்த முடிவுன்னு வேற சொன்னாங்க. அதைக் கேட்டப்பதான் எனக்கு வருத்தம் அதிகமாச்சு. மெரட்டி நிறுத்தினான்னா மெரட்டினவன் மேல கோவப்படலாம், மெரட்டறதுக்கு முன்னாடியே நிறுத்தினேன்னு சொல்றவங்களை என்ன பண்றது?

படம் எடுத்த பாஸ்டன் ஸ்டேஷன் மட்டும் அசரல. நாங்க காட்டறோம், வேணுங்கற ஸ்டேஷன் எங்ககிட்ட இருந்து வாங்கிக்கோங்கன்னு சொல்லி பிப்ரவரி 2ஆம் தேதி போட்டாங்க. எங்க வீட்டுல பாத்தோம். என் மாப்பிள்ளைக்கு அன்னைக்கு ஆபீஸ் லீவு, இவ்வளவு கலாட்டா பண்ணாங்களே என்னதான் இருக்குன்னு அவரும் வந்து உக்காந்தாரு. முடிஞ்சதும் பேத்தி என்னைப் பாத்து கேட்ட ஒரே கேள்வி, பாட்டி உங்க ஊர் மரத்துலயும் இந்த மாதிரி வருமான்னு. நான் பனை மரம், பதநீர், கருப்பட்டி காய்ச்சறதுன்னு ஒரு மணி நேரம் கதை சொன்னேன். ரெண்டு அம்மா விஷயம் அவளுக்கு ஒரு விஷயமாவே படல, வீட்டுல அம்மாவும் பாட்டியும்னு அப்ப அவளுக்கே ரெண்டு அம்மாதானே.

டாம்லின்சன்னு ஒருத்தர் கூத்தடிச்சாராமே, கூகுள் பண்ணேன், புரியல.
– வாசகர், மதுரை

அதுவும் அதே காலம்தான். கென்னத் டாம்லின்சன், சிபிபியோட போர்டுத் தலைவர். சுவரைக் காவல் காக்க வேண்டியவரே கன்னம் வச்ச கதை. பில் மோயர்ஸ்ங்கறவரோட பிபிஎஸ் அரசியல் ப்ரோகிராம் ஒருதலைப்பட்சமா இருக்குன்னு சந்தேகப்பட்டு, போர்டுக்குச் சொல்லாம ஒரு ஆளுக்கு 14,000 டாலருக்கு மேல குடுத்து, யார் யார் வர்றாங்க, என்ன பேசறாங்கன்னு உக்காந்து குறிப்பெடுக்கச் சொன்னாரு. அந்த ஆளு விருந்தாளிக்கு எல்லாம் முத்திரை குத்தியிருக்காரு, இவர் இடது, இவர் வலது, இவர் புஷ்ஷுக்கு எதிரின்னு. சக் ஹேகல்னு ஒரு செனட்டர், புஷ்ஷோட அதே கட்சி, ஏதோ ஒரு விஷயத்துல மாத்திப் பேசினாருன்னு அவருக்கும் இடதுன்னு முத்திரை! சிபிபிக்குள்ளயே முறைகேடு விசாரிக்கற இன்ஸ்பெக்டர் ஜெனரல்னு ஒரு அதிகாரி உண்டு, அவர் விசாரிச்சதுல 2005 நவம்பர்ல டாம்லின்சன் போர்டை விட்டுப் போனாரு.

மேடம், நான் டல்லாஸ்ல இருக்கேன், வரி கட்டறேன். எனக்கு ஒத்துவராத கருத்தை என் காசுல எதுக்கு பரப்பணும்? 1969ல மூணு சேனல்தான் இருந்துது, இப்ப யூடியூப்ல குழந்தைங்க வீடியோ கோடிக்கணக்குல இருக்கு. சும்மா ஒருதலையா எழுதாதீங்க.
– வாசகர், டல்லாஸ்

கோவமா எழுதினாலும் கேள்வி சரியான கேள்வி தம்பி, மழுப்ப மாட்டேன். ஒத்துக்க வேண்டியதை முதல்ல ஒத்துக்கறேன். பெரிய நகரத்து நியூஸ் ரூம்ல உக்காந்திருக்கறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரி படிச்சு ஒரே மாதிரி யோசிக்கறவங்க, பப்ளிக் ரேடியோ உள்ளயே ஒரு மூத்த எடிட்டர் 2024ல இதை வெளிப்படையா எழுதிட்டு வேலையை விட்டுப் போனாரு. அதைச் சொன்னவங்களை எல்லாம் முட்டாள்னு நெனச்சது பப்ளிக் மீடியாக்காரங்க பண்ண தப்பு. காசு குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ற உரிமையும் காங்கிரசுக்கு உண்டு, யாரும் இல்லன்னு சொல்லல.

ஆனா அடி எங்க விழுந்துதுன்னு பாருங்க. உங்களுக்குக் கோவம் வாஷிங்டன் செய்தி மேல. பிபிஎஸ்சுக்கு மொத்த வரும்படியில அரசாங்கப் பங்கு 15 சதவீதம் மாதிரிதான் இருந்துது, பாஸ்டன், நியூயார்க் ஸ்டேஷனுக்கெல்லாம் பணக்கார நன்கொடையாளர் இருக்காங்க, தள்ளாடினாலும் நிப்பாங்க. பாதிக்கு மேல கூட இந்தக் காசை நம்பியிருந்தது யாரு, அலாஸ்காவுலயும் பழங்குடி ஊர்லயும் இருக்கற குட்டி ஸ்டேஷனுங்க. 2025 ஜூலை 16, செனட்ல இந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கற மசோதா மேல விவாதம் ஓடிட்டு இருக்கு, அதே நாள் அலாஸ்கா கடல்ல 7.3 ரிக்டர் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. அதை ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னது இந்த உள்ளூர் பப்ளிக் ஸ்டேஷனுங்கதான்னு அலாஸ்கா செனட்டர் லிசா மர்க்கவ்ஸ்கி அன்னைக்கே சொன்னாங்க, அவங்களும் மசோதாவைக் கொண்டாந்த அதே ரிபப்ளிகன் கட்சிதான். விடியக்காலை ஓட்டெடுப்புல 51க்கு 48. அந்தக் கட்சியில எதிர்த்து ஓட்டுப் போட்டது அவங்களும் மெய்ன்ங்கற மாநிலத்து சூசன் காலின்சும் மட்டும். கீழ்சபையில 216க்கு 213. ஜூலை 24 கையெழுத்து, செப்டம்பர் கடைசியோட சிபிபி ஊழியர்ல பெரும்பாலானவங்களுக்கு வேலை போச்சு. இதே மாதிரி 2005லயும் வெட்டப் பாத்தாங்க, அப்பவும் ரிபப்ளிகன் மெஜாரிட்டிதான், ஆனா அவங்கள்லயே நெறைய பேர் எங்க ஊர் ஸ்டேஷன் போயிடும்னு சேந்து ஓட்டுப் போட்டு 284க்கு 140ன்னு 10 கோடி டாலரைத் திரும்பி வாங்கிட்டாங்க. அந்த ஊர்ப் பாசம் இருபது வருஷத்துல எங்க காணாமப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல.

குழந்தை விஷயத்துக்கு வர்றேன். பஸ்டர் முயலுக்குக் காசு குடுத்த அதே ரெடி டு லேர்ன், அதையும் 2025 மே மாசம் கல்வித் துறை நிறுத்திடுச்சு, பாக்கி இருந்த 2.3 கோடி டாலரும் போச்சு. அந்தக் காசு நியூசுக்குப் போற காசே இல்ல, எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுக்கற கார்ட்டூனுக்கும், கேமுக்கும், அதைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் சேக்கறதுக்கும் உண்டானது.

யூடியூப்னு சொன்னீங்க. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2015ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ரொம்ப சாமர்த்தியமான யோசனை. அந்தக் காலத்துல சில ஊர்ல செசமி ஸ்ட்ரீட் விஎச்எஃப் சேனல்ல தெளிவா வந்துது, சில ஊர்ல யூஎச்எஃப்ல வந்துது, அது பாதி வீட்டு டிவில எடுக்கவே எடுக்காது. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஜனத்துக்கு வரல. ஆண்டெனா பண்ணின அந்தப் பிரிவினையை வச்சு, தெளிவா கெடச்ச ஊர்க் குழந்தைங்களையும் கெடைக்காத ஊர்க் குழந்தைங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. கெடச்ச குழந்தைங்க வயசுக்கு ஏத்த வகுப்புல இருக்கறது அதிகம், அதுவும் வசதி கொறஞ்ச ஊர்ல இன்னும் அதிகம். பெரியவங்களானப்புறம் வேலை சம்பளத்துல பெருசா வித்தியாசம் தெரியலன்னும் அவங்களே சொல்றாங்க, அதையும் மறைக்கல நான். யூடியூப் வீடியோவை எடுக்கறவன் என் பேரன் எத்தனை நிமிஷம் கண்ணெடுக்காம பாக்கறான்னு அளக்கறான், இவங்க அவன் என்ன கத்துக்கிட்டான்னு அளந்தாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு உங்களுக்குத் தோணினா அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, ஆனா உங்க வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா ஒரு வாரம் ரெண்டையும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு எழுதுங்க.

செசமி ஸ்ட்ரீட் இப்ப நெட்ஃப்ளிக்ஸ்ல வருதே, அப்புறம் எதுக்கு அழுகை?
– வாசகி, பெங்களூரு

வருது. முன்னாடி 2016ல எச்பிஓவுக்குப் போச்சு, புது எபிசோடு அங்க காசு கட்டறவங்க பாத்து ஒம்போது மாசம் கழிச்சுதான் பப்ளிக் டிவில. ஏழைக் குழந்தைக்குன்னு செஞ்ச பலகாரத்தைப் பணக்காரக் குழந்தை தின்னுட்டு மீதியைக் குடுத்த மாதிரின்னு அப்பவே திட்டினாங்க. இப்ப நெட்ஃப்ளிக்ஸ் ஒப்பந்தத்துல ரெண்டுலயும் ஒரே நாள்ல வருது, அது பரவால்ல. ஆனா அந்த ஒரு ப்ரோகிராமுக்குப் பேரு இருக்கு, பொம்மை வித்தே பொழைச்சுக்கும். பேரு இல்லாத மத்த கார்ட்டூனை யாரு வாங்குவா?

நம்ம ஊரு தூர்தர்ஷன் பத்தி வாயே தொறக்கலயே, பயமா?
– வாசகர், சென்னை 78

பயம்லாம் இல்லங்க, அது தனி ராமாயணம், எமர்ஜென்சில இருந்து ஆரம்பிக்கணும், ஒரு இதழ் பத்தாது. இந்தக் கதைக்கும் நமக்கும் இருக்கற நேரடி சொந்தம் ஒண்ணு மட்டும் சொல்றேன், செசமி ஸ்ட்ரீட்டோட இந்தியப் பதிப்பு 2006ல கலி கலி சிம் சிம்னு இந்தியில வந்துது, கேபிள் சேனல்லயும் அப்புறம் தூர்தர்ஷன்லயும். சம்கின்னு ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட ஒரு பொம்பளப்புள்ள பொம்மை அதுல வரும், செசமி ஸ்ட்ரீட்டோட செவப்புப் பொம்மை எல்மோவை விட எனக்கு அதைத்தான் புடிக்கும்.

அரசியல்வாதிங்க நேரடியா பொம்மை பேரைச் சொல்லி வம்பிழுத்தது உண்டா?
– வாசகர், ஈரோடு

நெறைய. 2012 அக்டோபர்ல மிட் ராம்னி, ஒபாமாவோட டிவி விவாதத்துல, எனக்கு பிக் பேர்டைப் (செசமி ஸ்ட்ரீட்ல வர்ற பெரிய பறவைப் பொம்மை) புடிக்கும், ஆனா பிபிஎஸ்சுக்குக் காசை நிறுத்திடுவேன்னாரு. அதை யாரு மொகத்துக்கு நேரா சொன்னாருன்னு பாருங்க, விவாதத்தை நடத்திட்டு இருந்தது வாட்டர்கேட் காலத்துல சொன்னேனே அதே பிபிஎஸ் ஜிம் லேரர்! 2025 மார்ச்ல கீழ்சபைக் கமிட்டி பிபிஎஸ் தலைவி பாலா கெர்கரைக் கூப்பிட்டு விசாரிச்சப்ப, எதிர்க்கட்சியான டெமாக்ரட் எம்பி ராபர்ட் கார்சியா கிண்டலா, எல்மோ கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா, செவப்பா இருக்கேன்னு கேட்டாரு. அவையில சிரிப்பு. அந்தக் காசைக் காப்பாத்த வந்தவரும் பொம்மையைத்தான் கையில எடுத்தாரு.

உங்க பேத்தி இப்ப என்ன பண்றா?
– வாசகி, தஞ்சாவூர்

மறுபடியும் தஞ்சாவூரா! வேலைக்குப் போறா, தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கா, பாட்டிக்கு ஞாயித்துக்கெழம மட்டும் போன். போன வருஷம் பணம் நின்ன செய்தி வந்ததும் அந்த பாஸ்டன் ஸ்டேஷனுக்கு மாசம் அஞ்சு டாலர் கட்ட ஆரம்பிச்சுட்டா. கட்டறவங்களுக்கு ஸ்டேஷன் பேர் போட்ட துணிப்பை ஒண்ணு அனுப்புவாங்க, அவ அதை என் பொண்ணுகிட்ட குடுத்து விட்டுட்டா. இப்ப அதுலதான் உழவர் சந்தைக்குப் போயிட்டு வரேன். வெண்டைக்கா விக்கற அம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது எந்த ஜவுளிக்கடைல குடுத்ததுக்கா, துணி நல்லா கெட்டியா இருக்கேன்னு கேக்குது.